பஞ்சவர்ண மரத்துக் கதண்டு

மாங்காய் பறிக்க ஏறிய ஆட்கள் விழுந்தடித்து இறங்கிவிட்டார்கள். பஞ்சவர்ண மாமரத்துப் பொந்தில் கதண்டு கூடு கட்டியிருக்கிறதாம். கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும் குளவி அது.

மைத்துனன் ராஜரத்தினம் போன் போட்டதும், சிவபாண்டி மனைவி பொன்மணியை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்திலுள்ள அவன் தோப்புக்குப் பறந்தார். பட்டாளத்தில் இருந்த காலத்தில் கதண்டுக் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? தீப்பந்தத்தை அவரே கட்டினார்.

"மச்சான், மரம் கருகிராதா?" ராஜரத்தினத்துக்கு மனசே இல்லை.

"மரம் பெருசா, உசுரு பெருசா மாப்ளே?"

"செத்த நேரம் பொறுங்க" என்று பொன்மணி மரத்தடிக்கு நடந்தாள். அவள் கோர்ட்டில் டைப்பிஸ்ட். லீவு விட்டால் செடி செடியாகக் குனிந்து பூச்சிகளை செல்போனில் படம் பிடிப்பாள்.

பொந்துக்கு முன்னால் கருப்பும் மஞ்சளுமாக ஒன்று கொர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. சிவபாண்டி இரண்டடி பின்வாங்கினார்.

"ஏட்டி, இங்கிட்டு வா! கொட்டிரும்!"

பொன்மணி திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஏங்க, இது கதண்டே இல்ல. ஈ!"

"இம்புட்டுப் பெரிய ஈயா?"

"மிதவை ஈயில அபூர்வமான சாதி. கட்டிவச்ச மாதிரி அந்தரத்துல நிக்கிதே, பாருங்க. கதண்டுக்கு நாலு றெக்கை, ஒடிஞ்சு விழுற மாதிரி இடுப்பு, நீள மீசை. இதுக்கு ரெண்டே றெக்கை. இடுப்பே கெடையாது. மீசை குட்டை. மூஞ்சி பூராவும் கண்ணு. றெக்கையில முன்பக்கம் மட்டும் கருப்பா இருக்குல்ல? கதண்டு றெக்கைய மடிச்சு வச்சாப்புல தெரியத்தான் அந்த வேஷம்!"

"அப்ப இந்தச் சத்தம்?"

"அதுவும் வேஷம்தான். கொடுக்கே கெடையாது. பொந்துல மக்கிக் கெடக்கிற கட்டையில முட்டை போட வந்திருக்கு. எம்புட்டு நாளாத் தேடுறேன் தெரியுமா!"

அவள் சொல்லி வாய் மூடுமுன் அது பறந்து வந்து, பற்றவைக்காத பந்தத்தைப் பிடித்திருந்த சிவபாண்டியின் முழங்கையிலேயே உட்கார்ந்தது. அவர் மறுகையை ஓங்கினார்.

"அசையாதீங்க! வேர்வை குடிக்க வந்திருக்கு."

கொடியேற்றத்துக்கு நிற்பவர்போல விறைத்து நின்றார். கொட்டு விழவில்லை. ஈரமாக, மெத்தென்று ஏதோ தொட்டுத் தொட்டு எடுத்தது. கிச்சுகிச்சு மூட்டியதில் முதலில் உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. கையை மட்டும் ஆட்டாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். பொன்மணி படம் எடுத்துத் தள்ளினாள். ராஜரத்தினம் பந்தத்தை வாங்கி வாய்க்காலில் எறிந்துவிட்டு, ஓடிய ஆட்களைக் கூப்பிடப் போனான்.

பொழுது சாயும் நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையில் பைக்கை நிறுத்தி, சிவபாண்டி இரண்டு கிலோ கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, பேரன் பொறந்திருக்கானா?" என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் இல்லய்யா" என்றபடி பொன்மணியின் போனை வாங்கி அவர் முன் நீட்டினார். "இது என்னன்னு சொல்லும் பாப்போம். கதண்டுன்னு மட்டும் சொல்லிராதீரு. மொதல்ல றெக்கைய எண்ணும்!"