இரவல் வகுப்பு

எங்கள் சமையலறை ஜன்னலும் கிளடிஸ் வீட்டுச் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். ஒன்ராறியோவின் மில்லிக்கனில் இந்த வீடுகளைக் கட்டினவன் இரண்டு சுவர்களுக்கும் இடையில் ஒரு குப்பை வாளி வைக்கத்தான் இடம் விட்டிருந்தான். நான் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கோப்பை கழுவுகிற பழக்கமும் எனக்கு இல்லை.

ஆகவே தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதத்தில், கிளடிஸின் மகள் ஷரோன் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கிறாள் என்பதைத் தெருவில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். சாப்பாட்டு மேசையில் பிள்ளை புத்தகத்தோடு இருக்கும். எதிர்க்கதிரையில் தாய் இருந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் காய்ச்சல் என்று நினைத்தேன். பிறகு அம்மையோ என்று நினைத்தேன். அந்தக் கிழமை முடிவதற்குள் ஒரு போத்தல் ரசத்தோடு போய்க் கதவைத் தட்டிவிட்டேன்.

"இனி வீட்டிலதான் படிக்கப்போறா, அக்கா," என்றாள் கிளடிஸ். பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். ரசத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கிளடிஸின் கதை தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஊரில் அவளுடைய மூத்தவன் எட்மன் ஒருநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். பத்து மணிபோல் குண்டு போடுகிற விமானம் வந்தது. பிள்ளை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் மிச்சமிருந்த ஒரு பிள்ளையோடு இந்த நாட்டுக்கு வந்தார்கள். இங்கே நாங்கள் எல்லோரும் ஒருவர் குசினி அடுப்படியில் ஒருவர் இருந்து அழுதவர்கள்தான். இவள் மட்டும் ஒருவர் வீட்டிலும் அழுததில்லை. அதைப் பெருமை என்று சிலபேர் சொன்னார்கள். நானும் ஓமென்று தலையாட்டியிருப்பேன்.

இவ்வளவு நாளும் ஷரோனை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் அனுப்பினவள்தான். தை மாதக் கடைசியில் வகுப்புப் பிள்ளைகளை நூதனசாலையில் பழங்காலப் பொருட்களைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் மகள் சுபாங்கியும் அதே பஸ்ஸில்தான் போனாள். திரும்பி வரும்போது பனி கொட்டி, நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையவில்லை. பிள்ளைகள் வந்து சேர இருட்டிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். நான் தேத்தண்ணி போட்டுக் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். கிளடிஸ் பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறாள். உள்ளே வந்து இருக்கச் சொல்லி அதிபர் வந்து கூப்பிட்டும் போகவில்லையாம். பஸ் வந்ததும் ஷரோனின் கையைப் பிடித்தாள். ஒரு சொல்லும் பேசாமல் வீட்டுக்கு நடந்தாள். மறுநாளிலிருந்து பிள்ளை வீட்டில்.

ஒன்ராறியோச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. வீட்டில் திருப்தியான கல்வி கிடைக்கிறதென்றால் பிள்ளை பள்ளிக்கூடம் வரத் தேவையில்லை. ஆனால் திருப்தியா இல்லையா என்று கல்விச்சபை ஆள் அனுப்பிப் பார்க்கும். இல்லையென்று சொன்னால் பிள்ளை திரும்ப வகுப்புக்குப் போயே ஆகவேண்டும்.

"என்ர மனுசி பிள்ளையைக் கண்ணுக்கு முன்னால வைச்சிருக்க ஆசைப்படுறா" என்பதைப் பாடத்திட்டம் என்று ஷரோனின் தகப்பன் கல்விச்சபைக்கு எழுத முடியாதல்லவா? அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பெயரைக் கொண்டுவந்தவர் கிளடிஸின் கணவர் றெமிஜியஸ். அவர்களுடைய தேவாலயத்துக்கு வருகிற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஆறு பிள்ளைகளையும் வீட்டிலேயே, அதுவும் ஐரோப்பாவின் பழைய முறைப்படி படிப்பிக்கிறாராம். சின்ன வயதில் இலக்கணமும் மனனமும், வளர்ந்ததும் தர்க்கம், பிறகு சபையில் பேசுகிற கலை. எல்லாவற்றுக்கும் அடியில் இலத்தீன். றெமிஜியஸ் கத்தோலிக்கக் குருவாகப் போய்க் குடும்பஸ்தனாகத் திரும்பினவர். குருமடத்தில் இருந்த மூன்று வருடத்தில் அவருக்கு மிஞ்சினது இலத்தீன்தான். இரவில் பேக்கரியில் வேலை செய்துவிட்டு வந்து, காலையில் மாவு ஒட்டின கையோடு மகளுக்கு 'மென்சா, மென்சாம்' சொல்லிக் கொடுத்தார். மென்சா என்றால் மேசை. அந்தச் சாப்பாட்டு மேசையைத் தடவித் தடவி அந்தப் பிள்ளை அதை எத்தனை தரம் சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கே பாடமாகிவிட்டது.

பங்குனியில் கல்விச்சபையிலிருந்து ஆள் வருவதாகத் தகவல் வந்தது. றெமிஜியஸ் ஆலோசனை கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் பொன்னம்பலம் ஊரில் அதிபராக இருந்தவர். இங்கே கார்த் தரிப்பிடத்தில் ரிக்கற் கிழிக்கிறார். பழைய கதிரை போனாலும் அதன் நிமிர்வு போகவில்லை. ஆலோசனை என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு அரை அடி விரிந்துவிட்டது.

"ஒரு பிள்ளையை வைச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் எண்டா எந்த இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ளுவான்?" என்றார். "ஊரில இன்ஸ்பெக்டர் வாற நாளில நாங்கள் என்ன செய்தனாங்கள்? பக்கத்துப் பள்ளிக்கூடத்தில பிள்ளையளை இரவல் வாங்கி வகுப்பு வாங்குகளை நிரப்பினனாங்கள். ஒருதரும் ஒண்டும் கேக்கேல்லை."

"மாஸ்டர், இது வீட்டுப் படிப்பு. ஒரு பிள்ளையே காணும், போதும்."

"காணும் எண்டு நீர் சொல்லலாம். வாற இன்ஸ்பெக்டர் சொல்லுவானோ?"

றெமிஜியஸ் ஒரு கொட்டாவியை அடக்கினார். பிறகு சரி என்றார். நித்திரை இல்லாத மனிதனைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமில்லை.

எங்கள் வாகீசனும் சுபாங்கியும் இரவலுக்குத் தயார். மூலை வீட்டு இக்னேசியஸ் தன் மூன்றையும் தந்தார். ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரேநாளில் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் கரும்பலகை வந்தது. நான் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டி ரோல்ஸ் பொரித்தேன். இன்ஸ்பெக்டருக்குச் சாப்பாடு இல்லாமல் எந்த ஊரில் பரிசோதனை நடந்திருக்கிறது?

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் கிளடிஸ் எங்கள் வீட்டுக்குத் தட்டு வாங்க வந்தாள். வாங்கினவள் போகாமல் நின்றாள்.

"வாற ஆள் வேண்டாம் எண்டு சொன்னா, பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடத்தான் வேணும், என்னக்கா?"

ரோல்ஸ் சூடாக இருக்கும்போது கொண்டுவருகிறேன் என்று நான் சொன்னேன்.

கல்விச்சபையிலிருந்து வந்தது ஒரு பெண்மணி. வாசலில் பனிச் சப்பாத்தைக் கழற்றியவர், அங்கே குவிந்து கிடந்த சின்னச் சப்பாத்துகளைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். கரும்பலகைக்கு முன்னால் ஆறு பிள்ளைகள் எழும்பி நின்று ஒரே குரலில் காலை வணக்கம் சொன்னார்கள். என் கணவர் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். நான் தட்டோடு குசினி வாசலில்.

பெண்மணி நேரே வாகீசனிடம் போனார். தினமும் இங்கேதானா படிக்கிறாய் என்று கேட்டார்.

"நோ, ஜஸ்ற் ருடே," என்றான் எங்கள் புத்திரன்; இன்றைக்கு மட்டும்தானாம். "ஐ ஹாவ் அ பீவர்."

பெண்மணி ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு என்று கேட்டு ஐந்து பெயர்களையும் எழுதினார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதுதான் அவருடைய உத்தியோகமாம். ஒரு பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில் ஆறு பிள்ளைகளை நாங்களே வரிசையாக நிறுத்தி வைத்திருந்தோம். ஷரோன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுபாங்கியோடு சேர்ந்து சிரித்தது. அந்தப் பிள்ளை சிரித்து நான் ஜன்னலில் கண்டதில்லை.

பிறகு ஷரோனை மேசைக்கு அழைத்தார். பிள்ளை இலத்தீன் சொன்னது, ஆங்கிலத்தில் வசனத்தைப் பிரித்துக் காட்டியது, கணக்குச் செய்தது. எல்லாம் சரி. பெண்மணி கிளடிஸின் பக்கம் திரும்பி, ஏன் பிள்ளையை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அதற்கான பதிலை ஆங்கிலத்தில் றெமிஜியஸ் இரண்டு கிழமையாகப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார். பழைய முறைக் கல்வியின் சிறப்பைப் பற்றிய நாலு வசனம்.

கிளடிஸ் மகளைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"மூத்தவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினனான் எண்டு சொல்லு."

ஷரோன் சொன்னாள்.

பிறகு என்ன நடந்தது என்று பெண்மணி கேட்டார்.

"அவ்வளவுதான்," என்றாள் கிளடிஸ். முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் சட்டையில் ஒரு நூல் தொங்கியது; அதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பெண்மணி அதை எழுதவில்லை. புத்தகத்தை மூடினார். ஒரு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டார். இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற கல்வி திருப்தியானது, வீட்டிலேயே படிக்கலாம் என்று றெமிஜியஸிடம் சொன்னார். மற்ற ஐந்து பேரும் நாளைக் காலை வகுப்பில் இருக்கவேண்டும் என்று என் கணவரிடம் சொன்னார். என் கணவர் இரண்டுக்கும் சேர்த்து நன்றி சொன்னார்.

கிளடிஸிடம் சந்தோஷம் ஏதும் தெரிகிறதா என்று நான் நன்றாக உற்றுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வென்றது அவளுக்குக் கேட்டதோ என்றே சந்தேகம். பெண்மணியின் கார் போனதும், பிள்ளைகள் சப்பாத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்னிடம் கேட்டாள்:

"இவையளை ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

பக்கத்து வீடும் மூலை வீடும்தானே என்றேன். அவள் அதைக் கேட்கவில்லை. கோட் இல்லாமல், வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கினாள். என் இரண்டையும் பத்தடி நடந்து என் வாசலில் விட்டாள். இக்னேசியஸின் மூன்றையும் மூலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். கதவு பூட்டுப்படும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றாள்.

"நாளைக்கும் வருவினமோ?" என்று ஷரோன் கேட்டது.

மறுநாள் காலை கோப்பை கழுவினது பாதியில் கிடக்க, பிள்ளைகளை அனுப்ப வாசலுக்கு வந்தேன். எங்கள் பிள்ளைகள் வெளிக்கிட்டு நடைபாதையில் இறங்க, பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. கிளடிஸ் கோட் போட்டிருந்தாள். ஷரோன் ஓடிப்போய் சுபாங்கியோடு சேர்ந்துகொண்டது. மூலையில் மற்ற மூன்றும் சேர்ந்தன. கிளடிஸ் பத்தடி பின்னால் நடந்தாள். பள்ளிக்கூட வாசலில் ஐந்து பேரும் உள்ளே போகும்வரை நின்றுவிட்டு, ஷரோனின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாளாம். பிறகு ஜன்னலில் மென்சா, மென்சாம். பின்னேரம் மூன்று மணி கழிய, பிள்ளைகளைக் கூட்டிவரத் தாயும் மகளும் திரும்பவும் பள்ளிக்கூட வாசலில்.

அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கல்விச்சபையிடம் அனுமதி வாங்கி வீட்டில் படிக்கிற பிள்ளை, நாளுக்கு இரண்டு தரம் பள்ளிக்கூடம் போய் வந்தது. தெருவில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காலையில் என் பிள்ளைகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிடுவேன், அந்தக் கதவு திறக்கும்வரை.