தொண்ணூறும் எழுபத்தாறும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இன்னொருவனுடைய இதயத்தின் மேல் எனக்கு வந்த பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் நியாயமான ஆள்போலப் பேசினால் நம்பாதீர்கள்.

எழுதத் தொடங்கியபோது முதல் வரி இப்படி இருந்தது: "அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மாசி மாதத்து வெயில்". அதோடு நிறுத்திவிட்டேன். வெயிலில் ஆரம்பித்தால் என்னைப் பற்றிப் பேசாமலே பத்துப் பக்கம் ஓட்டிவிடலாம். அடுத்த முயற்சி: "தனக்கு நெஞ்சில் அடைப்பு போதவில்லை என்று முனீஸ்வரன் வருத்தப்பட்டான்." இது பரவாயில்லை. ஆனால் முனீஸ்வரன் என்று யாரும் இல்லை. அது நான்தான். வேறு பெயர் வைத்தால் பொறாமையும் அந்தப் பெயரோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

எனக்கு ஐம்பத்தாறு வயது. பாளையம்பட்டியில் வீடு. திருச்சுழி தாலுகா அலுவலகத்தின் பதிவறையில் வேலை. பகலில் பழைய கோப்புகள், மாலையில் புத்தகங்கள். பேச்சு குறைவு.

இந்தப் பத்தி பின்னால் செருகியது: சதுர அடைப்புக்குறிக்குள் வருபவை என் வரிகள் அல்ல. என் மனைவி தங்கலட்சுமி இந்த நோட்டில் பென்சிலால் எழுதியவை. நோட்டு எப்படி அவள் கைக்குப் போனது என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

[பேச்சு குறைவுன்னு மரியாதையா எழுதியிருக்காக. எங்க வீட்டு பீரோகூடத் தொறந்தா கிரீச்சுன்னு ஒரு சத்தம் குடுக்கும்.]

2

பந்தல்குடியில் அழகுராஜா என்று ஒரு சம்சாரி. மிளகாயும் பருத்தியும் போடுவார். இரண்டு லாரிகள் ஓடுகின்றன. தங்கலட்சுமியின் தாய்மாமன் மகன். அவளைக் கட்டியிருக்க வேண்டியவர். பொதுக் கிணற்றில் யார் மோட்டார் வைப்பது என்ற சண்டையில் அந்தப் பேச்சு முறிந்தது. அதற்குப் பிறகுதான் என் ஜாதகம் அவள் வீட்டுக்குப் போனது.

(எங்கள் பக்கத்து முறையில் ஒரு கொடுமை இருக்கிறது. மனைவியைக் கட்டும் முறையுள்ளவன் நமக்கு அண்ணன் தம்பி ஆகிவிடுகிறான். அழகுராஜா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எனவே நான் அவருக்குத் தம்பி. இருபத்தெட்டு வருடமாக அவர் என்னைத் "தம்பி" என்று கூப்பிடும்போதெல்லாம், எதனால் நான் தம்பி என்பது எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.)

[எனக்கு ஞாபகம் வரல.]

ஒரே மாசியில் இரண்டு பேருக்கும் நெஞ்சு மக்கர் செய்தது. அவருக்கு லாரி டயர் மாற்றும்போது. எனக்குப் பதிவறை ஏணியில். இரண்டு பேரும் மதுரைக்குப் போனோம், வேறு வேறு ஆஸ்பத்திரிகளுக்கு. ஆஞ்சியோ படத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ரத்தக்குழாயில், ஏறத்தாழ ஒரே இடத்தில், எழுபது சதவீத அடைப்பு. ஜாதகம்கூட இப்படிப் பொருந்தாது.

இங்கே கொஞ்சம் கட்டுரை வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், கதை இதில்தான் இருக்கிறது.

எழுபது என்பது கண்மதிப்பு. படத்தில் குழாய் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது தெரியும். மெலிந்த இடத்தைத் தாண்டி ரத்தம் போதுமான அளவு போகிறதா என்பது தெரியாது. அதற்காகத் தலைமுடி போன்ற ஒரு கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்துகிறார்கள். அடைப்புக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்தில் எத்தனை பங்கு பின்னால் மிஞ்சுகிறது என்று அது சொல்லும். முழுதும் மிஞ்சினால் ஒன்று. எண் குறையக் குறைய ஆபத்து.

அளப்பதில் இரண்டு முறைகள். ஒன்றில் மருந்து ஏற்றி, இதயத்தின் நுண்குழாய்களை எல்லாம் விரியவைத்து, ரத்தத்தை முடிந்த மட்டும் ஓடவிட்டு அளக்கிறார்கள். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்குமாம். 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஸ்டெண்ட், அதாவது குழாயை விரித்துப் பிடிக்கும் வலைச்சுருள். இன்னொன்றில் மருந்து கிடையாது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இதயம் ஓய்ந்திருக்கும் சிறு பொழுதில் அளந்துவிடுகிறார்கள். அங்கே ஸ்டெண்டுக்கான கோடு 0.89. ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் எண்ணோடு வைத்துப் பார்க்கக் கூடாது. கோடுகள் வேறு.

அழகுராஜாவுக்கு மருந்து ஏற்றி அளந்தார்கள். 0.76. ஸ்டெண்ட் வைத்தார்கள்.

எனக்கு மருந்தில்லாமல் அளந்தார்கள். 0.90. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

3

பந்தல்குடிக்குப் பார்க்கப் போனோம். கட்டிலைச் சுற்றி ஆட்கள், ஆப்பிள், ஆரஞ்சு. அழகுராஜா நடுவில் உட்கார்ந்து தன் இதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒரு ஸ்பிரிங்கு கெடக்குப்பா. பேனாவுல இருக்குமே, அந்த மாதிரி. ஆயுசுக்கும் அதுபாட்டுக்குக் கெடக்கும்." என்னைப் பார்த்தார். "வாங்க தம்பி. உங்களுக்கும் எழுபதுதானாமே?"

"ஆமா."

"அப்பறம் ஏன் வைக்கல?"

"தேவையில்லன்னுட்டாங்க."

"எனக்கு மருந்து ஏத்துன ஒடனே 'யாத்தே'ன்னு கத்திப்புட்டேன். தம்பிக்கு அது ஒண்ணும் இல்லயா? அது சரி, அவுகளுக்கு நெஞ்சும் பேசாது போல!"

கட்டிலைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி முருகலட்சுமி சிரித்தாள். தங்கலட்சுமியும் சிரித்தாள்.

[சபையில எல்லாரும் சிரிக்கையில நான் மட்டும் மூஞ்சியத் தூக்கிவச்சிருக்கவா?]

அதன் பிறகு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மச்சான், அந்த மருந்து எத்தன நிமிசம் ஓடுச்சு?" "மச்சான், கம்பி உள்ள போறது தெரியுமா?" "அந்த நம்பர எங்க எழுதியிருப்பாக?" ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார். நானும் ஒரு மேசையில் படுத்துவிட்டு வந்தவன்தான். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "சாப்பிடலாம்னாகளா?"

அடுத்து வந்த இரண்டு செவ்வாய்க்கிழமைகளிலும் அவள் தனியாகப் பந்தல்குடி பஸ் ஏறினாள். "சும்மா பாத்துட்டு வாரேன்" என்றாள். இரண்டாவது செவ்வாய் மாலை, அவள் வீடு வந்து சேருமுன் முருகலட்சுமி போன் செய்தாள்.

"கொழுந்தனாரே, உங்க வீட்டம்மா எங்க வீட்டுக்காரரு ரிப்போட்டக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டுப் போறாக. கட்டுன நான்கூட இப்படி அழல. எனக்கே வெக்கமாப் போச்சு."

"என்னன்னு சொன்னாளா மதினி?"

"எங்கிட்ட எங்க சொல்ல? ரெண்டு பேருந்தான் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்தாக."

தங்கலட்சுமி வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் புத்தகத்தில் இருந்தேன். அவள் சமையலறைக்குள் போனாள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது.

[தெரியும்.]

4

அன்றிலிருந்துதான் இதை எழுதுகிறேன். எழுதியதில் நிறைய முடிவுகள் வந்தன.

முதல் முடிவு: முனீஸ்வரனின் எண் தவறு என்று தெரியவருகிறது. பதிவறை ஏணியில் சாய்கிறான். மனைவி வந்து விழுந்து அழுகிறாள். பந்தல்குடியிலிருந்து வந்தவர் ஸ்பிரிங் வைத்த நெஞ்சோடு ஓரமாக நிற்கிறார். இந்தப் பத்தியை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவளுடைய அழுகை இரண்டு வரி நீண்டது. எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

[இந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க. சொல்லிட்டேன்.]

இரண்டாவது முடிவு: முனீஸ்வரன் மனைவியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, "நீ அங்கே அழுதது ஏன்" என்று

இதற்கு மேல் அவனால் கேட்க முடியவில்லை. அவனைக் கேட்கவைக்க எனக்கும் தெரியவில்லை. பாத்திரத்தின் வாயில் வசனத்தை வைப்பதற்கு எழுதுகிறவனுக்கு ஒருமுறையாவது வாய் திறந்த பழக்கம் இருக்க வேண்டும்.

எனவே வேறொன்று செய்தேன். இது கதையில் அல்ல, நிஜத்தில். விடுப்புப் போட்டு மதுரைக்குப் போய் என் டாக்டரைப் பார்த்தேன். மூச்சு இன்னும் வாங்குகிறது என்றேன். பொய். மாத்திரை ஆரம்பித்த பின் ஏணியில் இரண்டு முறை ஏறி இறங்கினாலும் ஒன்றும் இல்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "உங்களுது கோட்டுக்குப் பக்கத்துல இருக்கு. ரெண்டு முறையும் பெரும்பாலும் ஒரே பதில்தான் சொல்லும். அஞ்சு பேருல ஒருத்தருக்கு ஒத்துப்போகாது. தொந்தரவு நிக்கலங்கிறதுனால மருந்து குடுத்து ஒருதடவ அளந்து பாத்திரலாம். கைவழியாத்தான். வியாழக்கிழமை வாங்க."

எனக்கு வேண்டியது ஒரு மோசமான எண். 0.76 போதாது. 0.75. அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தோடு வீட்டுக்குள் நுழைய வேண்டும். மனிதன் தன் இதயம் கெட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. படித்திருந்தால் அந்த ஆள்மேல் இரக்கப்பட்டிருப்பேன்.

[பொய் சொல்லியாவது போனீகளே. நான் எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன்.]

5

வியாழக்கிழமை மறுபடி அளக்கிறார்கள் என்பதை மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். புதன்கிழமை மாலை அவள் மறுநாளுக்காக என் ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடினாள். ஃபைலுக்குள் இந்த நோட்டு இருந்தது. வேறு எங்கு வைத்தாலும் கிடைத்துவிடும் என்று அங்கே வைத்திருந்தேன். நான் கடைவீதிக்குப் போய்விட்டு வந்தபோது நோட்டு மேசைமேல் இருந்தது, மேலே பென்சில். அவள் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் படித்தேன். மேலே வந்த குறிப்புகள் எல்லாம் அன்று எழுதியவை. கடைசியில் இது இருந்தது:

[நான் அழுதது நெசம்தான். மச்சானுக்கு எழுபத்தாறு. உங்களுக்குத் தொண்ணூறு. படத்துல எழுபதுன்னது கம்பி விட்டு அளந்ததுல கூடிப்போச்சுன்னு நெனச்சேன். எழுபத்தாறு அடைப்புக்கே ஸ்பிரிங்கு வச்சுட்டாக, தொண்ணூறு உள்ள ஆள மாத்திரையக் குடுத்து அனுப்பிட்டாகளேன்னு அழுதேன். உங்ககிட்டக் கேக்கலாம்னா, வந்ததுல இருந்து பதினோரு நாளு நீங்க வாயத் தொறக்கல. எண்ணியிருக்கேன். பயத்துல பேசாம இருக்கீகன்னு நெனச்சேன். உங்களுக்கும் தொண்ணூறுன்னு தெரிஞ்சிருக்கும், எங்கிட்ட மறைக்கீகன்னு நெனச்சேன். அதான் மச்சான் ரிப்போட்ட ஜெராக்ஸ் எடுத்து உங்க ரிப்போட்டோட வச்சு வச்சுப் பாத்தேன். அவுகளுக்கும் ஒண்ணும் புரியல. எண்ணு கொறஞ்சாத்தான் ஆபத்து, ரெண்டும் வேற வேற அளவுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இந்த நோட்டுல ரெண்டாம் நம்பர் போட்டு நீங்க எழுதியிருக்கதப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். யார் யாருக்கோ பொறுமையா வெளக்குறீக. அடுப்படி எட்டு அடியில இருக்கு.]

மூன்று முறை படித்தேன். கதை இங்கேயே முடிந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் பொறாமை அப்படி முடியவில்லை. அவள் அழுதது என் இதயத்துக்காக. சரி. அதைப் பார்த்தது யார்? தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருப்பார். "அழாத புள்ள" என்றிருப்பார். என் இதயத்தைப் பற்றி இரண்டு செவ்வாய்க்கிழமைகள் ஒரு பேச்சு நடந்திருக்கிறது, அதில் நான் இல்லை. அவர் இருந்தார்.

கிரைண்டர் நின்றது. "படிச்சாச்சா?" என்றாள் உள்ளிருந்து. "ம்" என்றேன்.

6

வியாழக்கிழமை. மேசை. மணிக்கட்டு வழியாகக் கம்பி போனது. திரையில் என் இதயம் சாம்பல் நிறத்தில் அடித்துக்கொண்டிருந்தது, யாருடையதாகவும் இருக்கலாம்.

முகக்கவசம் போட்ட நர்ஸ் என் தலைமாட்டில் குனிந்தாள். "அய்யா, மருந்து ஏறப் போகுது. கொஞ்ச நேரம் நெஞ்சு அமுக்கும். பயந்துராதீக. எதுனாலும் வாய்விட்டுச் சொல்லுங்க."

மருந்து ஏறியது. யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும் என்பது சரியல்ல. உள்ளே நெடுநாளாக உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்திருக்க முயல்வதுபோல் இருந்தது. முகம் சுட்டது. மூச்சு எங்கோ தள்ளிப் போனது. அந்த நேரத்தில் நான் பேசினேன். பேசியது தெரியும். என்ன பேசினேன் என்பது தெரியாது. நர்ஸின் கண்கள் சுருங்கியது மட்டும் நினைவிருக்கிறது. அது சிரிப்பா, இரக்கமா என்பதைக் கவசம் மறைத்துவிட்டது.

எண் 0.81.

"பாத்தீங்களா, ரெண்டு முறையும் ஒண்ணுதான் சொல்லுது" என்றார் டாக்டர். "கோட்டுக்கு மேலதான் இருக்கீங்க. மாத்திரையே போதும். நல்ல செய்திதானே?"

இரண்டு முறையிலும் ஒரே ஒரு புள்ளியில் தோற்றேன். தலையாட்டினேன்.

7

மதியம் மூன்று மணி பஸ். தங்கலட்சுமி ஜன்னலோரம். காரியாபட்டி தாண்டும்வரை பேசவில்லை. என் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"நர்ஸம்மா வந்து சொன்னாக. உள்ள என்னமோ பேசுனீகளாம்."

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கேளுங்க, சொல்றேன்."

கருவேலங்காடுகள் ஓடின. அவள் போன் அடித்தது. அழகுராஜா. பஸ் சத்தத்துக்காக அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏ புள்ள, தம்பிக்கு எவ்வளவாம்?"

"எம்பத்தொண்ணு மச்சான். மருந்து போட்டுத்தான். ஸ்பிரிங்கு வேண்டாம்னுட்டாக."

"அட! நம்மளவிட அஞ்சு மார்க்கு கூட! தம்பிகிட்டக் குடு, ரெண்டு வார்த்த பேசுவோம்."

அவள் என்னைப் பார்த்தாள். "இல்ல மச்சான், வைக்கிறேன். இவுக எங்கிட்ட என்னமோ கேக்கப் போறாக."

வைத்துவிட்டாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கண்டக்டர் முன்னால் இருந்து, "பாளையம்பட்டி எல்லாம் வாசலுக்கு வாங்க" என்று கத்தினான். நான் வாயைத் திறந்து

இந்த வரியை முடிக்காமல் விடுகிறேன். மேசையில் என்ன சொன்னேன் என்று கேட்டிருக்கலாம். அழுதபோது அவர் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கலாம். டிக்கெட்டை எங்கே வைத்தாய் என்று கேட்டிருக்கலாம். நான் அப்படிப்பட்ட ஆள்தான். இத்தனை தூரம் வந்த நீங்கள், எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.

[அந்த ரெண்டு வரியில என் பென்சிலாலயே எழுதித்தான் வச்சிருந்தாக. ரப்பர் வச்சு அழிச்சது நான். கேட்டாக. எறங்கி வீடு வர வரைக்கும் கேட்டாக. நானும் சொன்னேன். அது இதுல வேண்டாம். மச்சான் ராத்திரி மறுபடியும் போன் போட்டு என்னன்னு கேட்டாக. அவுகளுக்கும் சொல்லல.]