ஞாயிற்றுக்கிழமைப் பின்னல்

சிதிகத் இரண்டு விரலால் மகளின் நெற்றியோரப் பின்னலைக் கிள்ளினாள். தளர்ந்து விரலுக்குள் வந்தது. "அவிழு" என்றாள்.

இது மூன்றாவது தடவை. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது. சாப்பிடக் கிண்டி வைத்த அமாலாக் களி ஆறிக் கல்லாகிவிட்டது. முனிரத் என் முழங்கால்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது, மூத்தாளின் மகள். நான் அந்த வீட்டின் இளையாள். இபாதான் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இந்த ஐந்து வருடமும் ஞாயிற்றுக்கிழமை அவள் தலை என் பொறுப்பு. சிதிகத்துக்குப் பின்னவே வராது. ஓஜே சந்தையில் துணிக்கடை போட்டு நாலு பேரை மிரட்டி வியாபாரம் பண்ணத் தெரியும், மூன்று கால் எடுத்து ஒரு பின்னல் போடத் தெரியாது. அதை வாய்விட்டுச் சொன்னால் வீடு ரெண்டாகும். நான் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பருவம் தொடங்கும்போதே பின்னல் பட்டியல் கொடுத்துவிடுவார்கள். எந்த வாரம் எந்தப் பின்னல் என்று அதில் இருக்கும். பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் திங்கட்கிழமை ஒரே மாதிரி போய் நிற்க வேண்டும். இந்த வாரம் ஷுக்கு. சுற்றியுள்ள முடியையெல்லாம் தலையோடு ஒட்டப் பின்னி, உச்சிக்கு ஏற்றிக் கூடை மாதிரி நிறுத்துவது. பார்க்க அழகுதான். நெற்றிப்பொட்டு முடிதான் அதற்குப் பலி. முனிரத்துக்கு இரண்டு பொட்டிலும் ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம். மருத்துவமனை நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பருவம் இப்படியே இழுத்தால் அந்த இடத்தில் ஆயுசுக்கும் முளைக்காது என்று சொல்லிவிட்டாள். பொட்டுப் பக்கம் போகாமல், தடிமனாக, தளர்வாக ஏழெட்டுப் பின்னல் போட்டு மூன்று வாரம் கை வைக்காமல் விடு என்றாள்.

அதனால்தான் போன வாரம் ஒரு வேலை செய்தேன். அடுத்த மாதத்துக்கென்று பட்டியலில் போட்டிருந்த தளர்ந்த பின்னலை இப்போதே போட்டு அனுப்பிவிட்டேன். கேட்டால் வாரத்தை மாற்றிப் படித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், இந்தத் தெருவில் எந்தத் தாய்க்கும் நடக்கிற தவறுதானே என்று நினைத்தேன். தலைமையாசிரியை முனிரத்தை மட்டும் பிரித்து நிறுத்தி, முதல் மணி அடிக்கும்வரை மைதானத்தில் முட்டி போட வைத்தார்.

"வாரத்த மாத்திப் படிச்சிட்டாளாம்," சிதிகத் முற்றத்துக் குழாயில் நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள். "இவ எழுதப் படிக்கத் தெரியாதவளா? எம் புள்ளைய முட்டி போட வைக்கணும்னே பண்ணிருக்கா."

"நர்ஸ் சொன்னதத்தான் உங்ககிட்ட சொன்னேனே அக்கா. பொட்டக் கொஞ்சம் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உன் கை பட்டதுலருந்துதான் அங்க முடி கொட்டுது. கைராசி அப்படி."

குழாயடியில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. "அப்ப நீங்களே பின்னுங்களேன். இந்தாங்க சீப்பு."

அவள் சீப்பைப் பார்த்தாளே தவிர கையை நீட்டவில்லை. "எம் புருஷனப் பங்கு போட வந்தப்ப உனக்குக் கை வலிக்கல. எம் புள்ளைக்கு ஒரு தலை பின்ன மட்டும் வலிக்குதோ? தொளதொளன்னு தலையோட போனா தாய் செத்த புள்ளன்னு நினைப்பாங்க. நான் உசுரோடதான் இருக்கேன்."

கைராசி என்று அவள் சொன்னது அபாண்டம். ஆனால் முழுப்பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து வருடமாக இழுத்தது என் விரல்கள்தான். மூத்தாளின் கிள்ளலுக்குப் பயந்து இழுத்தேன் என்று நர்ஸிடம் சொன்னேன். அது பாதிதான். என் முறை ராத்திரியிலும் அவர் சிதிகத் அறையிலேயே தங்கிவிட்ட வாரங்களில், தேவைக்கு மேல் இழுத்திருக்கிறேன். "சின்னம்மா, மெதுவா" என்று முனிரத் அலறுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் அதைக் கேட்டாக வேண்டும். அந்த அற்ப சுகத்துக்காக ஒரு பிள்ளையின் தலையைப் பிடித்து இழுத்தவள் நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சிதிகத் குனிந்து மகளின் முகவாயைப் பிடித்தாள். "நீயே சொல்லுடி. உனக்கு எது வேணும்? ஷுக்குவா, இவ சொல்றதா?"

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது! தளர்ந்த பின்னல் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலைமையாசிரியை முன்னால் நானே போய் முட்டி போடுகிறேன் என்று அந்த நிமிடம் நிஜமாகவே நினைத்தேன்.

முனிரத் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கீழிருந்தபடியே என்னைப் பார்த்தாள்.

"ஷுக்கு," என்றாள். "நல்லா இறுக்கமா."

முடியாது என்று நான் எழுந்து போயிருக்கலாம். குழாயடியில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தெரிந்தும் இழுத்தேன். கொப்புளம் ஒன்று உடைந்து விரலில் ஈரம் பட்டது. முனிரத் முனகக்கூட இல்லை. அவள் அலறியிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிதிகத் வந்து கிள்ளிப் பார்த்தாள். விரலுக்குள் ஒன்றும் வரவில்லை.

"இதுக்கா இவ்ளோ நேரம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் அமாலாவைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் கொதிக்கும் முன்பே முற்றத்தில் அலறல். என் மகள் ஷெரிஃபத்தின் குரல். மூன்று வயதுதான் ஆகிறது. கரண்டியோடு ஓடினேன்.

பாயில், முனிரத்தின் முழங்கால்களுக்கு நடுவே என் குழந்தை மாட்டிக்கொண்டிருந்தாள். முனிரத் இடது கையால் அவள் கழுத்தை அழுத்திப் பிடித்து, நெற்றிப்பொட்டின் பிஞ்சு முடியை வலது விரலில் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. அவளுடைய சொந்தப் பொட்டில் தோல் இழுபட்டு, கண்ணோரங்கள் மேலே ஏறியிருந்தன.

"விடுடி! குழந்தைக்கு வலிக்குது!"

"தெரியும் சின்னம்மா," என்றாள் முனிரத். என்னைப் பார்த்துக்கொண்டே, அடுத்த கால் முடியைப் பிரித்தெடுத்தாள்.