வெண்டல் ஸ்டக்கியின் விளிம்பு

2007ஆம் வருடம் மார்ச் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஆறே கால் மணிக்கு, வெண்டல் ஸ்டக்கியின் இடுப்பைச் சுற்றி எழுத்துகள் பதிந்திருந்தன. முதலில் பார்த்தது அவருடைய மனைவி லவோன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் என்பதால் அந்நேரத்துக்கே காலணி மாட்டி, கையில் காப்பியோடு நின்றிருந்தாள். வெண்டல் பனியனைக் கழற்றினார். தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே வருடம், அதை அடுத்து ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையைக் குறிக்கும் ஒற்றை எழுத்து, விலாப்பக்கம் ஒரு லத்தீன் வாசகம், முதுகில் ‘கடவுளை நம்புகிறோம்’. தோலுக்குள் அரை மயிரிழை ஆழம். வலியில்லை, ரத்தமில்லை. எழுத்தெல்லாம் தலைகீழாக இருந்ததால் லவோன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, அவரை ஒரு சுற்று சுற்றி வந்து படித்து முடித்தாள். காப்பி ஆறிவிட்டது.

ஒஹையோ மாநிலத்தில் ஹார்பர்ஸ் ரன் மாதிரி ஊரில் இதற்கெல்லாம் யாரும் வாய் பிளப்பதில்லை. மூன்று வாரம் முன்புதான் முதல் ஜனாதிபதியின் தலை போட்ட புது டாலர் நாணயம் வந்திருந்தது. நாணயத்தின் பரப்பில் இருந்த வாசகங்களை விளிம்புக்கு மாற்றியிருந்தார்கள். கொஞ்சம் நாணயங்கள் விளிம்பில் ஒன்றுமே இல்லாமல், வழுவழுவென்று வெளியே வந்துவிட்டன. அந்த எழுத்துகளும் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும் என்றார் தபால்காரர். ‘கடவுளை நம்புகிறோம்’ என்பது ஒரு லூத்தரன் இடுப்பில் வந்து உட்கார்ந்ததில் லூத்தரன் போதகருக்கு உள்ளூரச் சந்தோஷம். எதிர்த் தெரு மெதடிஸ்ட் சபைக்குப் போயிருந்தால் வருடம் முழுக்கப் பேசியே கொன்றிருப்பார்கள்.

அது வந்து சேர்ந்த இடமும் பொருத்தமான இடம்தான். வெண்டல், நெடுஞ்சாலையோரம், காசு போட்டால் தண்ணீர் வரும் நான்கு தடங்கள் கொண்ட கார் கழுவும் நிலையம் வைத்திருந்தார். டாலர் நாணயத்தை அந்த நாட்டில் எவருக்கும் பிடிக்காது. உணவகத்தில் நீட்டினால் பரிசாரகி அதைச் சூதாட்ட வில்லை என்று நினைத்துத் திருப்பித் தருவாள். வெண்டலின் சில்லறை இயந்திரம் மட்டும் பிடிவாதமாக அதையே துப்பியது. எழுபத்தொன்பதாம் வருட நாணயத்தில் வருடம் விளிம்பை ஒட்டி நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்பதை அவர் கட்டை விரலாலேயே சொல்லிவிடுவார். இரண்டாயிரத்தில் ஒரு காலை உணவுத் தானியப் பெட்டிக்குள் நாணயம் போட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளில் ஒரு சென்ட், எங்கோ ஒன்றில் டாலர். அப்படி வந்த டாலர்கள் சிலவற்றில் கழுகின் வால் இறகு மற்றவற்றைவிடத் துல்லியமாக இருந்தது. அதற்காக ஸ்டக்கி வீட்டில் ஏழு மாதம் மூன்று வேளையும் தானியம்தான். கிடைத்ததெல்லாம் சென்ட். லவோனும் அதையே சாப்பிட்டாள். வெண்டலைப் பற்றி ஊரில் சொல்வதற்கு இதைத் தவிர ஒன்றும் இல்லை. உயர்நிலைப் பள்ளி ஆண்டு மலரில் அவர் படத்துக்குக் கீழே வேறொருவன் பெயர் அச்சாகி, நாற்பது வருடமாகியும் ஒருவரும் கவனிக்கவில்லை.

அன்று மாலையே தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாணயச் சங்கம் கூடியது. வெண்டலைத் தவிரப் பதினான்கு உறுப்பினர்கள், ஒரு பாத்திரம் காப்பி, ஒரு தட்டு எலுமிச்சை இனிப்புச் சதுரங்கள். தலைவர் டேல் ஓபர்மையர், ஓய்வு பெற்ற தானியக் கிடங்கு மேலாளர், தன் உருப்பெருக்கியால் வெண்டலை ஒரு முழுச் சுற்று பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். பிறகு சண்டை தொடங்கியது. நாணயத்தில் தலை போட்ட பக்கம் மேலே இருக்கும்போது விளிம்பெழுத்து தலைகீழாகத் தெரிந்தால் முதல் நிலை, நேராகத் தெரிந்தால் இரண்டாம் நிலை. இது நாணயக்காரர்களின் விதி.

“நின்னா தலைகீழ். சரி,” என்றார் ஓபர்மையர். “ஆனா நாணயத்த எவனாவது நிக்க வச்சுப் பாப்பானா? மேசையில படுக்க வைங்கப்பா.”

படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் நின்ற ஏழு பேருக்கு எழுத்து நேராகவும் கால்மாட்டில் நின்ற ஏழு பேருக்குத் தலைகீழாகவும் தெரிந்தது. இடம் மாறி நின்று பார்த்தார்கள். அபிப்பிராயமும் மாறியது. எலுமிச்சைச் சதுரங்கள் தீர்ந்தபின் முதல் நிலை என்று தீர்மானம் நிறைவேறியது. வெண்டல் மேசையில் படுத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார். தன் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை என்பது லவோனுக்குத் தெரியும். அன்று அவருக்குப் பல் வலி.

நாணயங்களுக்குத் தரம் போடும் நிறுவனத்திலிருந்து ஏப்ரலில் ஒரு பெண்மணி வந்தாள். பெயர் ஃபிஷ்பாக். வெள்ளைக் கையுறை, மடக்கு விளக்கு, சிரிக்காத முகம். நாணயங்களுக்கு எழுபது வரை எண் உண்டு. எழுபது என்றால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெண்டலுக்கு அறுபத்தாறு கிடைத்தது. குடல்வால் எடுத்த தழும்புக்காக இரண்டு, வயிற்றின் பொதுவான தொய்வுக்காக இரண்டு குறைத்தாள். பிறகு நாணயக்காரர்கள் பால்குடிக் காலத்திலேயே கற்றுக்கொள்ளும் இரண்டு விதிகளைச் சொன்னாள். பரப்பைக் கையால் தொடக்கூடாது. கழுவவே கூடாது.

“குளிக்கவுமா?” என்று கேட்டாள் லவோன்.

“மேடம், கழுவின காசுக்கு நாங்க எண் போடறதில்ல. எவ்வளவு மெதுவாக் கழுவினாலும் கண்ணாடில தெரிஞ்சிரும்.”

அன்றிலிருந்து, நாளொன்றுக்கு அறுபது கார்களைக் கழுவிக்கொண்டிருந்த மனிதர் தன்மீது ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. சங்கத்துக்காரர்கள் கை குலுக்குவதை நிறுத்திக்கொண்டார்கள். உணவகச் சாலட் மேசைகளில் தும்மல் தெறிக்காமல் மறைக்கும் தடுப்புகள் செய்கிற ஒருவரிடம் சொல்லி, ஆள் உயரத்துக்கு ஒரு தெளிந்த பிளாஸ்டிக் உறை செய்து, கார் நிலையத்து அலுவலகத்தில், சில்லறை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மூச்சுத் துளை வேண்டாம், காற்றுப் பட்டால் நிறம் மாறும் என்றார் ஓபர்மையர். லவோன் வீட்டிலிருந்து துளைப்பானை எடுத்து வந்து பதினொரு துளை போட்டாள். சாப்பாட்டுக்கும் மற்ற அவசியங்களுக்கும் வெண்டல் கைகளைத் தூக்கியபடி வெளியே வருவார். மற்ற நேரமெல்லாம் இடுப்புக்கு மேல் வெற்றுடம்பாக உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். கென்டக்கியிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்தார்கள். காரைக் கழுவ வந்தவர்கள் கழுவாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜூன் மாதம் வெயில் ஏறியது. லவோன் ஒரு சனிக்கிழமை உறைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“வெண்டல், ரெண்டு மாசமாச்சு. உன்னத் தொடணும்னா உச்சந்தலையயும் உள்ளங்காலயும்தான் தொடலாம்னு அந்த டேல் எனக்குச் சொல்லித் தர்றான். எனக்கு!”

“ஓரத்தப் புடிக்கறதுதான் முறை, லவோன். என்ன பண்றது, என் ஓரத்துலதான் எழுத்து இருக்கு.”

“நீ நாறுற.”

“அது நாத்தம் இல்ல. நிறம் கட்டுது. டேல் சொன்னான்.”

“வெளிய வா. ஒரு வாளி தண்ணி. அவ்வளவுதான் கேக்கறேன்.”

அவர் துளைகளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். “அம்பத்தெட்டு வயசாச்சு. என்னை ஒருத்தன் ரெண்டாந்தடவ திரும்பிப் பாத்ததில்ல. கழுவிட்டா நான் மறுபடி யாரு?”

லவோன் நாற்காலியை மடக்கினாள். அன்றே ஃபோர்ட் வெய்ன் சாலையில் இருக்கும் தன் அக்கா மார்லீன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அழுதாளா என்று மார்லீனைக் கேட்டால், வெங்காயம் நறுக்கினாள் என்று சொல்வாள். மூன்று கிலோ நறுக்கியிருக்கிறாள். ஆகஸ்டு கடைசியில் பள்ளி திறந்தது. பேருந்துத் தடம் கார் நிலையத்து வழியாகத்தான் போகும். தினமும் இரண்டு தடவை அவள் கடந்து போவாள், உறைக்குள்ளிருந்து ஒரு கை உயரும், பேருந்திலிருந்த பிள்ளைகள் எல்லாரும் கையாட்டுவார்கள். ஓட்டுகிறவள் மட்டும் சாலையைப் பார்த்தாள்.

இதற்கிடையில் வெண்டலுக்கு உண்மையாகவே நிறம் கட்டியது. விலாவில் பொன், முதுகில் ஊதா, தொப்புளைச் சுற்றி மயில் கழுத்து நீலம். ஓபர்மையர் பரவசமானார். இயற்கையாகக் கட்டிய நிறத்துக்கு மதிப்புக் கூடும். ஆனால் செப்டம்பரில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பன்றிப் பண்ணைக்காரருக்கும் இடுப்பில் எழுத்து வந்துவிட்டது. அவருக்குக் குடல்வால் தழும்பு இல்லை, எண் அறுபத்தேழு. வெண்டல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மறுபடி எண் போடச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். நிறத்துக்காக அறுபத்தெட்டு நிச்சயம் என்று ஃபிஷ்பாக்கே தொலைபேசியில் லேசாகச் சொல்லிவிட்டாள். அக்டோபர் பதினொன்று, வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டபின், லவோன் காலிப் பேருந்தோடு கார் நிலையத்துக்குள் திரும்பினாள். யாரோ ஒரு பையன் கடைசி இருக்கையில் வாந்தி எடுத்திருந்தான். பேருந்தைக் கழுவ வேண்டும், மாவட்டத்தில் பேருந்து நுழையும் தடம் அங்கேதான் இருக்கிறது. இது தற்செயல் என்று அவள் இன்றும் சொல்கிறாள். அலுவலகத்துக்குள் வந்து, உறையைப் பார்க்காமல், இயந்திரத்தில் ஐந்து டாலர் தாளை நுழைத்தாள். ஐந்து நாணயங்கள் விழுந்தன. ஒன்றைக் கட்டை விரலில் உருட்டினாள். வழுவழுவென்று இருந்தது. இன்னொரு சுற்று உருட்டினாள். எழுத்தே இல்லை.

நாணயத்தைப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பிடித்தாள். வெண்டல் எழுந்து நின்றுவிட்டார்.

“இதோட ஓரத்துல என்ன எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்ல. வெறும் ஓரம். விட்டுராத லவோன், பத்திரம், அது இயந்திரத்துல கலந்து எப்படி வந்துச்சுன்னே...”

“ஒண்ணும் எழுதாத காச எதுக்குப் பத்திரம் பண்ணணும்?”

“எழுதாததாலதான். ஆயிரக்கணக்குல பாத்தா ஒண்ணு ரெண்டு கெடைக்கும். கெடச்சவங்க கைய விட்டு விடமாட்டாங்க.”

“முப்பத்தோரு வருஷம் உன் இடுப்புல ஒண்ணும் எழுதல,” என்றாள் லவோன். “அத ஒருத்தி கைய விடாம வச்சிருந்தா.”

அவள் அந்த நாணயத்தோடு சேர்த்து ஐந்தையும் மூன்றாம் தடத்தின் காசுப் பெட்டியில் போட்டாள். பேருந்தின் பின்கதவைத் திறந்து குழாயைப் பிடித்தாள். முதல் வீச்சில் தண்ணீர் கூரையில் அடித்தது. கடைசி இருக்கையைக் கழுவி முடித்து இறங்கியபோது வெண்டல் தடத்தின் நடுவில், வடிகால் மேல், காலுறையோடு நின்றிருந்தார். வெளிச்சத்தில் பார்த்தால் மனிதர் அழகாகத்தான் இருந்தார். பொன்னும் ஊதாவும் பளபளத்தன.

“நாளைக்கு அந்தம்மா வர்றாங்க,” என்றார்.

“தெரியும்.”

“அறுபத்தெட்டு.”

“டேல் ஊரெல்லாம் சொல்லிட்டான்.”

“தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்குமே, லவோன்.”

“இருக்கும். கைய மேல தூக்கு.”

அவள் போட்ட காசுக்கு இன்னும் மூன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. அவர் போட்ட கூச்சல் பெட்ரோல் பங்க்வரை கேட்டது. செர்ரி வாசனை நுரை, பிறகு தூரிகை, பிறகு அவள் தூரிகையை வீசிவிட்டு வெறும் கையாலேயே தேய்த்தாள். ஊதாவும் பொன்னும் வடிகாலில் சுழன்று இறங்கின. எழுத்துகள் போகவில்லை. போகும் என்று அவளும் நினைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவர் முதுகு கையில் பட்டதும் லவோன் அந்த ஈரத் தரையிலேயே நின்று விம்மி விம்மி அழுதாள். மார்லீன் வீட்டு வெங்காயம் இங்கே இல்லை.

மறுநாள் ஃபிஷ்பாக் வந்தாள், விளக்கை விரித்தாள், கால் நிமிடம்கூடப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்த சீட்டில் மூன்று வாசகங்கள் இருந்தன: அசல். கழுவப்பட்டது. எண் இல்லை. ஓபர்மையர் தேவாலயக் கீழ்த்தளத்துக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடம் லவோனோடு பேசவில்லை. அவளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அடுத்த கோடைக்குள் அமெரிக்கா முழுவதும் நாற்பதாயிரம் ஆண்களும் பன்னிரண்டாயிரம் பெண்களும் இடுப்பில் எழுத்தோடு இருப்பது தெரியவந்தது. நெப்ராஸ்காக்காரர் மட்டும் இன்னும் குளிக்காமல் இருப்பதாகக் கேள்வி. ஊர் நீச்சல் குளத்தில் யாரும் யாருடைய இடுப்பையும் இப்போது படிப்பதில்லை. பிளாஸ்டிக் உறையைப் படுக்கவைத்துத் தேவாலயத்துக்குக் கொடுத்தார்கள். சபை விருந்தில் உருளைக்கிழங்கு சாலட்டுக்கு ஈ வராமல் மூடுவதற்கு அதைப்போல இன்னொன்று இல்லை. மூன்றாம் தடத்துப் பெட்டியிலிருந்து அந்த வழுவழு நாணயத்தை வெண்டல் தேடி எடுக்கவில்லை. அது யாரோ ஒருவருக்குச் சில்லறையாகப் போயிருக்கும்.

சீட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில், சோளக்கதிர் வடிவக் காந்தத்துக்குக் கீழே இருக்கிறது. போன ஈஸ்டர் முடிந்த ஞாயிறு மதியம் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசினாள். பழைய பட்டியலைச் சரிபார்க்கிறார்களாம்.

“உங்க வீட்டுக்காரருக்கு எழுத்து தலைகீழா, நேரா, மேடம்? இங்க ரெண்டு விதமாவும் எழுதியிருக்கு.”

அடுத்த அறையில் வெண்டல் சட்டையில்லாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். லவோன் தொலைபேசியின் சுருள் கம்பி எட்டும்வரை போய் எட்டிப் பார்த்தாள்.

“யாருக்கும்மா தெரியும்,” என்றாள். “நான் கையாலதான் படிக்கறேன்.”

அந்தப் பெண் ‘நிலை: தெரியவில்லை’ என்று பதிந்துகொண்டு அடுத்த எண்ணுக்குப் போனாள்.