ஓடை அடங்கிய மதியம்

இடிமேகம் அடுத்த சில மணி நேரத்தில் எங்கே கொட்டும் என்று சொல்வதுதான் கெஸியாவின் வேலை. ஊட்டி கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவள் சொன்ன மழை போன வாரம் வரவில்லை. ஜெகதளா பக்கத்து எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசரான அவளுடைய அண்ணன் பெனிஸ், தங்கை பேச்சைக் கேட்டு ஓடையோரத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளைக் காலிசெய்து, சனங்களை மேட்டுச் சர்ச்சில் உட்கார வைத்திருந்தான். வெயில் பளிச்சென்று அடித்தது. "உங்க தங்கச்சி சொன்ன மழை பஸ்ஸ வுட்டுருச்சு போலிருக்குங்க சார்" என்றாள் கொழுந்து பறிக்கிற ஆண்டாயி. எஸ்டேட்டே சிரித்தது.

இன்று மழை வந்தது, சொன்ன இடத்தில், சொன்னதைவிட அதிகமாகவே. சனங்கள் மறுபடியும் சர்ச்சில். கெஸியாவுக்கு உள்ளூர ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷம்.

மதியம் அண்ணன் கூப்பிட்டான்.

"கண்ணு, இங்க மழை விட்டுருச்சு. ஓடையும் எறங்கிருச்சு. பொம்பளைங்க ஊட்டுக்குப் போகோணும்னு நிக்கறாங்க. அனுப்பட்டுமா?"

ஓடைப் பாலத்தில் மாட்டியிருந்த கருவி அனுப்பும் நீர்மட்டக் கோடும் திரையில் சரிந்துகொண்டிருந்தது. மேலதிகாரி ஹெர்பர்ட் எட்டிப் பார்த்தார். "பொழைச்சோம்மா. போகச் சொல்லிரு."

வீணாக உட்கார வைத்தாள் என்று இன்னொரு முறை பேச்சு வாங்க அவளுக்குத் தெம்பில்லை. "போகச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

டீயை ஊதிக்கொண்டே ரேடார் படத்துக்கு வந்தாள். எஸ்டேட்டுக்கு மேலே, மலை உச்சியில், கனமழையைக் காட்டும் சிவப்பு நகரவே இல்லை. முன்பைவிடத் தடித்திருந்தது. அங்கே கொட்டுகிற தண்ணீர் முழுக்க அந்த ஓடை வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். பிறகு ஓடை எப்படி வற்றும்?

எங்கோ மேலே மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அண்ணனைக் கூப்பிட்டாள். முதல் அழைப்பு போகவில்லை. அடுத்ததில் எடுத்தான்.

"அண்ணா, எல்லாரையும் மேட்டுக்கு ஏத்துங்க!"

"மறுபடியுமா?" பெனிஸ் சிரித்தான். "லயனுக்கு வந்து சேந்தாச்சு கண்ணு. புள்ளைங்க ஓடைக்குள்ள எறங்கி மீன் புடிக்குதுங்க. கல்லு மேல துள்ளுது, கையிலயே அள்ளறாங்க."

"மேல அடைச்சிருக்குண்ணா! ஒடஞ்சா மொத்தமா வரும். ஓடுங்க!"

சிரிப்பு நின்றது. "ஏறுங்கடா! மேல ஏறுங்க!" என்று அவன் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. அண்ணன் அந்த எஸ்டேட்டில் சேர்ந்த நாள்முதல், எப்போது பேசினாலும் பின்னால் ஓடையின் இரைச்சல் இருக்கும். இன்று அது இல்லை. குழந்தைகளின் குரல் தெள்ளத்தெளிவாகக் கேட்டது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார், பெருசு!"

திரையில் நீர்மட்டக் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது.