மாமன் சீரில் வந்த பாறை

மணவாளனின் உயிர் அவன் உடம்பில் இல்லை, கூடத்து உப்புநீர்த் தொட்டியில் இருந்தது. சிதம்பரம் மேல வீதியில் செல்போன் கடை. அதில் வந்த லாபமெல்லாம் பவளமாகவும் கடல் பாறையாகவும் அந்தக் கண்ணாடிக்குள் போய் இறங்கியது. சட்டப்படி வாங்கக் கூடாததைக்கூட ஆள் பிடித்து வாங்குவான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடிக்கு வேளை தவறாமல் இரை போடுவான். பெண்டாட்டி அமராவதி புதுப் புடவை கேட்டால் மட்டும் காது கேட்காது.

நிஷா புயல் மழையில் கடலூர் மூழ்கிக் கிடந்தபோது அமராவதி அங்கே தாய் வீட்டில் இருந்தாள். அவள் அம்மாவுக்கு ஆஸ்துமா. மூச்சுக்கு வைக்கும் மெஷின் கரண்டில் ஓடுவது, கரண்ட் போய் இரண்டு நாளாகிவிட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், நோயாளியை வெளியே தூக்க வழியில்லை. தம்பி பாண்டியன் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு சிதம்பரம் வந்து, மாமா மீன் தொட்டிக்கென்று ஓட்டிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை ஒரே ஒரு நாளைக்குக் கேட்டான். கொடுத்தால் என் மீன் செத்துப்போகும் என்று மணவாளன் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று ராத்திரி அந்த அம்மாள் மகள் மடியில் மூச்சுக்குத் தவித்துத் தவித்துச் செத்தாள். இந்த மனுஷன் சாவு வீட்டுக்கு வந்து, நல்லவேளை மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாலு பேரிடம் சொன்னான். அவன் நாக்கில் ஏன் புழு வைக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

காரியம் முடிந்து அமராவதி திரும்பி வந்து வழக்கம்போல் சோறு வடித்தாள். அவள் மறந்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த அம்மாளின் தலைத் தெவசம் கழிந்து அடுத்த ஆவணியில் மகள் தமிழினிக்குக் காது குத்தினார்கள். பாண்டியன் மேளதாளத்தோடு மாமன் சீர் கொண்டுவந்தான். பழம், பட்டுப் பாவாடை, கம்மல் என்று வரிசையாகத் தட்டு. கடைசியாக ஒரு தொட்டியில் கடல் நீரும் அதில் மூழ்கிய ஒரு பாறையும். கடலூர் முதுநகரில் அலங்கார மீன் கடை வைத்திருப்பவன், மாமாவுக்குப் பிடித்ததைக் கொண்டுவந்திருக்கிறான் என்று சபையே மெச்சியது.

புதுப் பாறை எது வந்தாலும் கொல்லையில் தனித் தொட்டியில் போட்டு, ஒட்டுண்ணி எதுவும் தலை நீட்டுகிறதா என்று வாரக்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் மணவாளன் உள்ளே விடுவான். அன்றும் கொல்லைப் பக்கம்தான் தூக்கினான். அவன் அம்மா விருத்தாம்பாள் வழியை மறித்தாள். மாமன் சீரைக் கக்கூஸ் பக்கத்தில் வைப்பார்களா என்று அவள் ஏச, அமராவதி மெல்லச் சொன்னாள்.

"சபையில எல்லாரும் பாக்குறாங்க. எங்க வூட்டு சீரு நடுவூட்டுலதான் எறங்கணும்."

மணவாளன் பெருமையாகப் பாறையைப் பெரிய தொட்டிக்குள் இறக்கினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

மாசம் திரும்புவதற்குள் பாறை இடுக்கில் பழுப்பாக ஒரு பூ விரிந்தது. புத்தகத்தில் அதற்குக் கடல் சாமந்தி என்று பெயர். பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அது ஒரு பிராணி, தொட்டி வைத்திருப்பவர்கள் சனியன் என்பார்கள். பக்கத்தில் இருக்கும் பவளத்தையெல்லாம் கொட்டிக் கொட்டியே கொன்றுவிடும். மணவாளன் பதறிப்போய்ப் பாண்டியனுக்குப் போன் போட்டான். பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றான் பாண்டியன். சுரண்டினான். ஒன்று பத்தானது. மறுபடி சுரண்டினான். பாறையெல்லாம் முளைத்தது. பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து உதிர்ந்தன.

கடைசியில் சென்னை மீன் கடைக்காரர் ஒருவரைப் போனில் பிடித்தான். சுரண்டினால் சிதறும் துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும், இது மீன் கடை வைத்திருக்கும் எவனுக்கும் தெரியுமே என்றார் அவர். சுண்ணாம்பைக் கரைத்து ஊசியில் ஏற்றி அதன் வாயில் விட வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று நாலு பூவுக்கு மேல் கூடாது, மிஞ்சினால் தண்ணீரில் சுண்ணாம்புக் காரம் ஏறி மீன் செத்துப்போய்விடும். ஸ்பீக்கரில் அவர் சொன்னதெல்லாம் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அமராவதி காதிலும் விழுந்தது.

மணவாளன் பாண்டியனைப் போனில் கூப்பிட்டான்.

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"இடுக்குல பூ ஒளிஞ்சிருக்குற பாறையா தேடி எடுத்தேன் மாமா. அக்காதான் சொல்லிச்சு."

மணவாளன் போனை வைத்துவிட்டான். பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் எதற்கென்று அவள் சொல்லிவிடுவாள், அந்தப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை ஊசியோடு உட்கார்ந்தான். மாமியாரின் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பை அமராவதி கரைத்துக் கொடுத்தாள். ஊசி பட்டதும் சாமந்தி சுருண்டு வெள்ளைச் சளியாகிப் போனது. அதைப் பார்க்க அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாலு முடிந்தது. ஐந்தாவதையும் குத்தினான். அப்புறம் வெறி பிடித்துவிட்டது. அவன் கையை நீட்டியபோதெல்லாம் அவள் ஊசியை நிரப்பி நீட்டினாள்.

மத்தியானத்துக்குள் தொட்டி பால்போல் வெளுத்தது. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன. மணவாளன் அலறிக்கொண்டு, மாற்றுவதற்கென்று எப்போதும் கலக்கி வைத்திருக்கும் உப்புத்தண்ணீர் டிரம்முக்கு ஓடினான். டிரம் கவிழ்ந்து கிடந்தது. காலையிலேயே கொட்டிக் கழுவிவிட்டதாக அமராவதி சொன்னாள். புதிதாகக் கலக்கினால் தெளிவதற்கே மறுநாள் ஆகும்.

அவன் தரையில் சரிந்து முகத்தை மூடிக்கொண்டான். அவள் வந்து அந்தக் கைகளைப் பிடித்து விலக்கினாள்.

"மூஞ்ச மூடாதீங்க. உசுரு போற வரைக்கும் பாருங்க. எங்கம்மாவ நான் பாத்தேன்ல."

சாயங்காலம் வரை அவனை அவள் எழுந்திருக்க விடவில்லை.