நாலாவது மாடியிலிருந்து இறங்கியது

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து ராதோஷ் வாசல் தாண்டவில்லை. லாரியில் பெல்கிரேடுக்கும் கடற்கரைக்குமாக அலைந்த மனுஷன். செர்பியாவின் உஷித்சே நகரத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில், இப்போது கட்டிலுக்கும் ஜன்னலுக்கும்தான் போக்குவரத்து.

மனைவி விதோசாவா கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தாள். மாத்திரையை அவர் விழுங்கும்வரை நகரமாட்டாள். சிகரெட், ராக்கியா சாராயம், வாட்டிய பன்றிக்கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் வீட்டைவிட்டு விரட்டினாள். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். வெளியே போக முடியாததுதான் கழுத்தை நெரித்தது.

"டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாரே, விதா. நடந்தாத்தான் மறுபடி வராதாம்."

"சொல்லுவாரு. குளியலறையில நீ மூஞ்சி வெளுத்துக் கிடந்தத பாத்தது அவரா, நானா? பேசாம உக்காருய்யா."

அவர் ஷூவைக்கூட எங்கோ ஒளித்துவிட்டாள்.

அவள் சந்தைக்குப் போன ஒரு காலையில் வீட்டுச் செருப்போடு இறங்கினார். இரண்டாவது மாடி வந்ததும் நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. வலி இல்லை. ஆனாலும் படியில் உட்கார்ந்துவிட்டார். நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை மேலேயே கிடந்தது. ஏறவும் துணிவில்லை, இறங்கவும் துணிவில்லை. கதவைத் திறந்துவைத்திருந்தாலும் இத்தனை நாளும் தான் வெளியே போயிருக்கமாட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

முட்டைக்கோஸ் பையோடு ஏறிவந்த விதோசாவா அலறினாள். "ஐயோ, வலிக்குதா?"

"இல்ல. பயமா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. பையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் இல்லையா? நீ தூங்கறப்ப மூக்குல விரல வச்சுப் பாக்கறேன், மூச்சு வருதான்னு."

"அதான் நீயா? எலி ஊருதுன்னு நெனச்சேன்."

சிரிப்பும் அழுகையுமாக அவர் தோளில் ஒரு அடி போட்டாள். "எந்திரி, மேல போலாம்."

"இப்ப ஏறினா அப்புறம் இறங்கவே மாட்டேன், விதா."

அவள் மேலே ஓடிப்போய் மாத்திரையை எடுத்துவந்து அவர் சட்டைப்பையில் திணித்தாள். கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். கீழே வாசலில் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. ராதோஷ் கதவுப்பிடியை விடாமல் நின்று தெருவையும் அதன் முனையிலிருந்த பேக்கரியையும் பார்த்தார். அன்றைக்கு அதற்குமேல் கால் வரவில்லை.

"நாளைக்கு அந்த பேக்கரி வரைக்கும்," என்றார்.

"வாசத்த மட்டும்தான் பிடிக்கணும், சொல்லிட்டேன்," என்றாள் விதோசாவா.